தாழ்ந்த காரும் உப்புக்காற்றும்: ஃபொக் லைற் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

தை மாதத்து விடியற்காலையில் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கம் வயல்களுக்கு நடுவே கார் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவருவது விளங்கும். பனி இடுப்பளவு உயரத்தில் படுத்திருக்கும். மேலே வானம் வெளுத்திருக்கும், கீழே வீதியின் ஓரம் தெரியாது. அந்த ஓரத்தில்தான் மாடு படுத்திருக்கும், பின்லைற் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்க ஒருவர் சைக்கிளில் வருவார். செங்கலடியிலிருந்து ஏ5 வீதியில் பதுளைக்கு ஏறினாலும் பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் மலை தொடங்கியதும் இதே கதைதான்.

என்னிடம் இருப்பது ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை தயாரித்த, இரண்டு ரோட்டர் எஞ்சின் உள்ள கார். எனக்கு முன் வைத்திருந்தவர் அதன் ஃபொக் லைற்றை, அதாவது பம்பரின் அடியில் இருக்கும் பனி லைற்றை, “அப்கிரேட்” செய்திருந்தார்: பிரகாசமான பல்ப், மெல்லிய வயர், கறுப்பு ரேப். கீழே எழுதியிருக்கும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே காரில் பார்த்தேன். ரொயோட்டா 86, செலிக்கா, ஹொண்டா சீஆர்-இசட் என்று உங்களிடம் எது இருந்தாலும் பார்க்கும் ஒழுங்கு இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபொக் லைற் தூரத்துக்கான லைற் அல்ல. அதன் ஒளி அகலமாக, தட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியும். மேல்விளிம்பில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு இருக்கும், அதற்கு மேலே ஒளி போகக்கூடாது. பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பிவருவது அந்த மேல்நோக்கிய ஒளிதான். அதனால்தான் இந்த லைற்றைப் பம்பரின் அடியில் வைக்கிறார்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் அது நிலத்திலிருந்து 35 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 2 சதவீதச் சரிவில், அதாவது மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர், கீழ்நோக்கி வைத்தால் வெட்டுக்கோடு 17.5 மீற்றரில் வீதியைத் தொட்டுவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் செக்கன் போதும். 30 கிலோமீற்றரில் இரண்டு செக்கன் கிடைக்கும். என்ன பல்ப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபொக் லைற் போட்டுவிட்டு வேகமாகப் போகலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். கையில் ஒரு மல்ரிமீற்றரும், பழைய 21 வாற் சிக்னல் பல்ப்பில் இரண்டு வயர் பற்றவைத்த ஒரு ரெஸ்ற் லாம்பும் இருந்தால் போதும்.

இரண்டு பக்கமும் எரியவில்லை

சுவிட்சைப் போடுவதற்கு முன் பார்க் லைற்றோ ஹெட்லைற்றோ எரிகிறதா பாருங்கள். அநேகமான ஜப்பான் கார்களில் அது எரியாமல் ஃபொக் லைற் எரியாது. சிலவற்றில் ஹை பீம் போட்டதும் ஃபொக் லைற் தானாக அணையும். இவை கோளாறு அல்ல.

அடுத்தது பியூஸ். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாமல் கழற்றி மீற்றரில் வையுங்கள். பியூஸ் சரியென்றால் ரிலேயில் (சுவிட்சின் சிறிய மின்சாரத்தால் லைற்றின் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். ‘டிக்’ என்று உதறினால் சுவிட்சும் ரிலேயின் சுருளும் வேலை செய்கின்றன, கோளாறு அதற்கு அப்பால். சத்தமே இல்லையென்றால் ரிலேயின் அடியில் 85, 86 என்று எண்ணிட்ட கால்களில் மின்சாரமும் ஏர்த்தும் (பற்றரியின் நெகற்றிவ்வுக்குத் திரும்பும் வழி) வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். 30 ஆம் காலுக்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேரடி வயர் வரும், 87 லைற்றுக்குப் போகும். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அது ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் கடத்தும் கால். வெளியே வாங்கிய வயரிங் செட்டில் லைற் வயரைத் தெரியாமல் அதில் செருகிவிட்டால், சுவிட்சை அணைக்கும்போது லைற் எரியும், போடும்போது அணையும். இரவில் நிறுத்திவைத்த காரின் பற்றரி காலையில் இறங்கிப்போய்க் கிடந்தால் இதையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரிகிறது

இரண்டு பல்ப்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். எரியாத நிலை பல்ப்போடு சேர்ந்து மறுபக்கம் போனால் பல்ப்தான் குற்றவாளி. போகாமல் அதே பக்கத்தில் நின்றால் கனெக்டரையும் ஏர்த்தையும் பார்க்கவேண்டும். தாழ்ந்த காரில் கீழே படுத்துப் பார்க்க இடமிருக்காது. சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகக் கிறுக்கி, மட்காட்டின் உள்பக்கப் பிளாஸ்ரிக்கின் கிளிப்புகள் சிலவற்றைக் கழற்றி மடக்கினால், பம்பரைக் கழற்றாமலே பல கார்களில் கை உள்ளே போகும்.

பின்பக்க ஃபொக் லைற் உள்ள ஐரோப்பியக் கார்களில் ஒரு சிவப்பு லைற் மட்டும் எரிவது வழமை. பிரேக் லைற்றோடு குழம்பாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அதைத் திருத்தப் போகவேண்டாம்.

எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது

எங்கள் கரையில் மிக அதிகமாகக் காணும் அறிகுறி இதுதான். இதற்காகத்தான் மிக அதிகமான பல்ப்புகள் வீணாக வாங்கப்படுகின்றன.

நானும் இரண்டு சோடி பல்ப் மாற்றினேன். பிறகு ஏறாவூரில் வாகன வயரிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் (அங்கே காக்கா என்போம்) கொண்டுபோனேன். அவர் பல்ப்பைக் கையாலும் தொடவில்லை.

“எத்தின வோல்ற் வருதெண்டு பாத்தீங்களா தம்பி?”

“பாத்தன் காக்கா. பன்னிரண்டரை காட்டுது.”

“பல்ப்பைக் கழட்டிப்போட்டுத்தானே பாத்தீங்க? சும்மா நிக்கிற வயர் எல்லாம் பன்னிரண்டரைதான் காட்டும். எரியவிட்டுப் பாருங்க.”

எரியவிட்டுப் பார்த்தபோது பல்ப்பின் இரண்டு முனைகளுக்கும் இடையில் 10.9 வோல்ற். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பற்றரியில் 13.9. நடுவில் மூன்று வோல்ற் காணாமற்போயிருந்தது.

இழைப் பல்ப்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் மட்டும் குறைவதில்லை, ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். மூன்று வோல்ற் போனால் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் மிஞ்சும். அந்த நிலையில் எந்தப் பல்ப் போட்டாலும் மங்கல்தான்.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க, லைற்றை எரியவிட்டபடி மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பொசிற்றிவ்வில் வையுங்கள், மற்றதைப் பல்ப்பின் பொசிற்றிவ்வில். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் போகும் வழியில் கோளாறு. பிறகு பற்றரியின் நெகற்றிவ்விலிருந்து பல்ப்பின் நெகற்றிவ்வுக்கு. 0.2 வோல்ற்றுக்கு மேல் என்றால் ஏர்த். என் காரில் போகும் வழியில் 1.3, ஏர்த்தில் 1.7.

போகும் வழியில் தொலைந்ததற்குக் காரணம் வயரின் தடிப்பு. 55 வாற் பல்ப் இரண்டும் சேர்ந்து 12 வோல்ற்றில் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் நான்கு மீற்றர் நீளத்தில் ஓடினால் அதிலேயே ஒரு வோல்ற்றுக்கு மேல் விழும். அதே நீளத்தில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் விழுவது கால் வோல்ற்தான். கடையில் வயரை மேலுறையின் பருமன் பார்த்து வாங்கவேண்டாம். நுனியை உரித்துச் செப்பைப் பாருங்கள். தடித்த உறைக்குள் நாலைந்து இழை மட்டும் இருக்கும் வயரும் விற்பனைக்கு வருகிறது.

ஏர்த்தின் கதை வேறு. கல்லடியிலிருந்து கல்முனை வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் எந்நேரமும் உப்பு இருக்கிறது. அந்த உப்பீரம் வயரின் வெட்டுவாயால் உள்ளே ஏறி, உறைக்குள்ளேயே செப்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும். வெளியே வயர் புதிதாகத் தெரியும். உரித்துப் பார்த்தால் ஒரு சாண் தூரத்துக்குச் செப்பு கறுத்திருக்கும். மினுங்கும் செப்பு தெரியும்வரை வெட்டி எறிவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. உப்புத்தாள் போட்டு உரசி இணைத்தால் அடுத்த மாரிக்குள் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். புதிய இணைப்பை நசுக்கிப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். கறுப்பு ரேப் எங்கள் வெயிலுக்குப் பசை உருகிக் கழன்றுவிடும். ஏர்த் வயரைக் காரின் உடலில் பூட்டும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி இரும்பைக் காட்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, அதற்கு மேலே கிறீஸ் பூசுங்கள். கனெக்டருக்குள் சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் வைக்கலாம்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் மங்கல் என்றால் முன் கண்ணாடியையும் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். வெளியே மஞ்சளித்த பிளாஸ்ரிக்கை மெருகேற்றலாம். உள்ளே வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தால் லைற்றையே மாற்றத்தான் வேண்டும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய பியூஸ் போடவேண்டாம். 15 அம்பியருக்குப் பதில் 30 போட்டால் அடுத்ததாக எரிவது வயர்தான். இரண்டு பல்ப்பையும் கழற்றிவிட்டுப் புதிய பியூஸ் போட்டுச் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் போனால் வயர் எங்கோ காரின் உடலில் உரசி வெட்டுப்பட்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் பம்பரின் கீழ்விளிம்பும், சக்கரம் கிறுகும் இடமும் முதலில் பார்க்கவேண்டியவை. ஒழுங்கைகளில் வேகத்தடை ஏறும்போது கீழ்விளிம்பு இடிபட்டு, வயர் நசுங்கியிருக்கும். பல்ப்பைக் கழற்றியதும் பியூஸ் நின்றால், பல்ப்பின் வாற் கூடிப்போனதா என்று பாருங்கள்.

பல்ப்பின் அடியில் எழுதியிருப்பதை வாசிப்பது இங்கேதான் முக்கியமாகிறது. எச்8 என்றால் 35 வாற், ஏறக்குறைய 800 லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). எச்11 என்றால் 55 வாற், 1350 லூமன். எச்16 என்றால் 19 வாற், 500 லூமன். எச்8உம் எச்11உம் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றின் இடத்தில் மற்றது போகாமலிருக்க அடியில் சிறிய காது வைத்திருக்கிறார்கள். அந்தக் காதை அரத்தால் தேய்த்துவிட்டுப் பெரிய பல்ப்பைத் திணிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். 35 வாற்றுக்கு வார்த்த பிளாஸ்ரிக் கூட்டுக்குள் 55 வாற் சூடு ஏறினால் கூடு நெளியும், ரிஃப்ளெக்டர் கருகும், வயரின் உறை கனெக்டருக்குப் பக்கத்தில் கெட்டியாகி வெடிக்கும். தயவுசெய்து இதைச் செய்யவேண்டாம்.

பல்ப் சில மாதத்துக்கு மேல் நிற்பதில்லை

ஹலஜன் பல்ப்பின், அதாவது வழமையான இழைப் பல்ப்பின், கண்ணாடியை விரலால் தொட்டீர்களா? விரலின் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூடாகிக் கண்ணாடி பலவீனப்படும். தொடவில்லை என்றால் எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியில் வோல்ற் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்பது நல்லது. 15ஐத் தொட்டால் ஒல்ரனேற்றரின் (எஞ்சினால் சுற்றி மின்சாரம் தரும் கருவி) வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகியுலேற்றர் கெட்டுவிட்டது. மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே இழைப் பல்ப்பின் ஆயுள் பாதியாகும். பற்றரியும் சேர்ந்து கெடும் என்பதால் இதைத் தள்ளிப்போடவேண்டாம்.

எல்ஈடி போட்ட பிறகு தொடங்கிய தொல்லைகள்

ஒரு பக்கம் எரியவே இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிச் செருகுங்கள். ஹலஜனுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவ் பேதமில்லை. எல்ஈடிக்கு உண்டு.

லைற் துடிக்கிறது, அல்லது டாஷ்போர்டில் எச்சரிக்கை வருகிறது என்றால், பல்ப் எரிகிறதா என்று காரின் கணினி மின்னோட்டத்தை அளந்து பார்க்கிறது. எல்ஈடி குறைவாக இழுப்பதால் பல்ப் போய்விட்டது என்று நினைக்கிறது. இதற்கு, கூடுதல் மின்சாரம் இழுக்கவைக்கும் ரெசிஸ்ரர் விற்கிறார்கள். 6 ஓம் ரெசிஸ்ரர் 12 வோல்ற்றில் 24 வாற்றைச் சூடாக்கித் தள்ளும், எஞ்சின் ஓடும்போது 30 வாற்றைத் தாண்டும். அதைப் பம்பர் பிளாஸ்ரிக்கில் ஒட்டினால் பிளாஸ்ரிக் உருகும். இரும்பில் ஆணி போட்டுப் பூட்டவேண்டும். ரேடியோவில் எஃப்எம் இரைகிறது என்றால் எல்ஈடிக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னச் சுற்றுதான் காரணம். வயரில் ஃபெரைற் வளையம் மாட்டினால் குறையும், மலிவான டிரைவரில் முழுதாகப் போகாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை, பிரகாசம் கூடியும் வீதி தெரியாமலிருப்பது. ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர் ஒளி ஒரு சின்ன இழையிலிருந்து, ஒரு குறித்த புள்ளியிலிருந்து புறப்படும் என்று நம்பி வடிவமைத்திருக்கிறார். எல்ஈடித் துண்டு அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நின்றாலும் வெட்டுக்கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். பல்ப்பின் கழுத்து வளையத்தைத் தளர்த்தி, எல்ஈடித் துண்டுகள் இரண்டும் இடம் வலமாக, மணிக்கூட்டின் 3, 9 இருக்கும் இடங்களைப் பார்க்குமாறு திருப்பினால் பல நேரம் கோடு திரும்பி வரும். வராவிட்டால் அந்தப் பல்ப் உங்கள் லைற்றுக்கு ஆகாது. முதலிலிருந்தே எல்ஈடிக்கு வடிவமைத்த முழு ஃபொக் லைற் செட்டை வாங்குவதுதான் சரியான அப்கிரேட் என்பது என் முடிவு. காசு கூடத்தான். எச்ஐடி (இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் பல்ப்) பற்றிக் கேட்பவர்களுக்கு: 3000 லூமனுக்கு மேல் தருவதை 800 லூமன் கூட்டுக்குள் வைப்பது எதிரே வருபவரின் கண்ணைப் பறிப்பது. நான் பூட்டமாட்டேன், பூட்டிக் கொடுக்கவும் மாட்டேன்.

பனிக்குள் வெள்ளைச் சுவர் எழுகிறது

ஹெட்லைற்றை ஹை பீமிலிருந்து இறக்குங்கள். பாதி நேரம் அத்தோடு தீரும். அடுத்து, மஞ்சள் லைற் பனியைத் துளைக்குமா என்ற கேள்வி வரும். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும். துளைக்கும் சக்தி மஞ்சளுக்கு இல்லை. நீலம் குறைந்த ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவாக இருக்கிறது என்பது பலருடைய அனுபவம், என்னுடையதும் அதுதான். பிரான்ஸ் நாட்டில் 1930களின் பின்பகுதியிலிருந்து 1993 வரை ஹெட்லைற்றே மஞ்சளாக இருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒளியின் நிறத்தைப் பல்ப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் எழுதியிருப்பார்கள். 3000 கெல்வின் மஞ்சள் நல்ல தெரிவு. 6000, 8000 என்று நீலத்தை நோக்கிப் போவது மழையில் நனைந்த கறுப்பு வீதிக்கு உதவாது.

கண்ணாடிக்குள் தண்ணீர்

மெல்லிய ஆவி படிந்து, லைற் எரிந்ததும் மறைந்தால் பயமில்லை. லைற் கூட்டுக்கு மூச்சுவிட ஒரு துவாரம் உண்டு. அதைச் சேறு அடைத்திருந்தால் துப்புரவாக்குங்கள், சிலிக்கன் போட்டு மூடிவிடவேண்டாம். எல்ஈடிக்கு மாறிய பிறகு ஆவி போகத் தாமதமாகும். முன்னைய ஹலஜனின் சூடுதான் அதைக் காயவைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கி நின்றால் கண்ணாடி வெடித்திருக்கிறது, அல்லது பல்ப்பின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை.

மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி போல வெள்ளம் ஏறும் பாதைகளில் தாழ்ந்த காரைக் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு சாண் தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், இறங்குவதற்குச் சில நிமிடம் முன்னரே ஃபொக் லைற்றை அணைத்து ஆறவிடுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் ‘டக்’ என்று வெடிப்பு ஓடும். சூடான கூடு தண்ணீருக்குள் ஆறும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, தண்ணீரை மூச்சுத்துவாரத்தால் உறிஞ்சியும் விடும். வாவிப் பக்கத்து உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

எதிரே வருபவர்கள் லைற் அடித்துக் காட்டுகிறார்கள்

அவர்கள் சொல்வதை நம்புங்கள். ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ இரவில் எதிரே சைக்கிளில் வருபவருக்கு உங்கள் ஒளி நேரே கண்ணில் அடித்தால் அவர் வீதியோரத்து வடிகானுக்குள்தான் இறங்கவேண்டும். லைற் அடித்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை.

சரிபார்க்கச் சமமான நிலம் தேவை. நெல் காயப்போடும் சீமெந்துக் களமும் அதன் ஓரத்தில் ஒரு களஞ்சியச் சுவரும் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. ரயர் காற்றைச் சரிசெய்து, அரைத் தாங்கி எண்ணெயோடு, சாரதி இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து லைற்றுக்கு 10 மீற்றர் அளந்து நிறுத்துங்கள். லைற்றின் நடு நிலத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சோக்கால் ஒரு கோடு. அதற்கு 20 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் உட்காரவேண்டும். ஒரு பக்கத்தைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள், பிறகு மாற்றி. திருப்பும் ஆணி அநேகமாக லைற்றின் பக்கத்திலோ பின்னாலோ இருக்கும். துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பலவந்தப்படுத்தினால் பிளாஸ்ரிக் முறியும்.

ஸ்பிறிங் வெட்டித் தாழ்த்திய கார்களுக்கு இதைக் கட்டாயம் செய்யவேண்டும். என் காரின் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 2700 மில்லிமீற்றர். பின்பக்கம் 27 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கினாலே ஒளி 1 சதவீதம் மேலே தூக்கும். அதாவது 2 சதவீதச் சரிவில் பாதி போய்விட்டது. பின்னால் இரண்டு பேரும் டிக்கியில் ஒரு அரிசி மூட்டையும் என்றால் அந்த அளவு இலகுவில் வரும். வழமையாக ஆட்களோடும் சாமானோடும் அம்பாறைக்கோ மலைநாட்டுக்கோ போகிறவர் என்றால், காரை அந்தப் பாரத்தோடேயே களத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி அளவெடுங்கள். கோடு சரியாக வந்ததும் ஆணியின் தலையிலும் பக்கத்துப் பிளாஸ்ரிக்கிலும் சேர்த்து ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். அடுத்த மாரிக்கு முன் குனிந்து பார்க்கும்போது அந்தச் சொட்டு பிளந்திருந்தால் ஆணி அதிர்வில் நகர்ந்திருக்கிறது, மறுபடி சுவருக்குப் போகவேண்டும்.